பிராய்லர் கோழியின் குடலுக்கு எதை வாங்குவது? அமிலம், புரோபயாட்டிக், ஈஸ்ட், மஞ்சள், என்சைம்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்துக் கோழி மருந்துக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான். பதினெட்டாம் நாளில் இருந்து எச்சம் தண்ணியாகப் போகிறது, தரையில் பரப்பிய கூளம் அப்பம் போல் ஒட்டிக்கொள்கிறது, தீனி இறங்குகிறது ஆனால் எடை ஏறவில்லை. கடைக்காரர் அலமாரியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பார். புரோபயாட்டிக் என்ற நல்ல கிருமிகள், அமிலம், ஈஸ்ட், மூலிகைத் திரவம், செரிமானத்துக்கு உதவும் என்சைம். எல்லாவற்றின் அட்டையிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: குடல் நலம் காக்கும், எடை கூட்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

பல்லடம் பக்கம் 5,000 கோழி பிடிக்கும் கொட்டகை ஒன்றைச் சொந்தக் கணக்கில் நடத்துகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால பேட்சில், கடையில் கொடுத்த நான்கு பொருட்களையும் வாங்கி ஒரே தொட்டியில் கலந்து ஊற்றினேன். எச்சம் கட்டவில்லை. பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அன்று காலை செத்த கோழி ஒன்றை வாசலிலேயே அறுத்துப் பார்த்தார். நல்ல குடலை வெட்டினால் வெட்டிய முனை தானாகச் சுருண்டு வெளிப்பக்கம் மடங்கும். இது ஈரத் துணி போலத் தளர்ந்து கிடந்தது. உள்ளே ஆரஞ்சு நிறச் சளி, அதற்கு நடுவே கொஞ்சமும் கரையாத மக்காச்சோளத் துகள். ரத்தம் இல்லை.

“ஏனுங்க தம்பி, தொட்டியில என்னென்ன ஊத்துனீங்க?” என்றார். நான்கையும் சொன்னேன்.

“நாலும் ஒரே தண்ணியிலயா? அதுல குளோரினும் போட்டிருக்கீங்க, புரோபயாட்டிக்கும் போட்டிருக்கீங்க. குளோரின் புரோபயாட்டிக்கைக் கொன்னு போட்டிருக்குமுங்க. சரி, தண்ணிய எப்பங்க கடைசியா டெஸ்ட் பண்ணுனீங்க?”

பதில் சொல்ல முடியவில்லை. கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயின் கடைசி மூடியை அவர் கழற்றச் சொன்னார். உள்ளே விரலை விட்டு வெளியே எடுத்தால் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் ஒட்டி வந்தது. முதல் நாள் குஞ்சில் இருந்து அதைத் தடவி வந்த தண்ணீரைத்தான் என் கோழிகள் குடித்திருக்கின்றன. அன்றிலிருந்துதான் இந்தப் பொருட்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். எந்தப் பொருள் நல்லது என்ற கேள்வியை விட, என் கொட்டகையில் இருக்கும் கோளாறுக்கு எது பொருந்தும் என்ற கேள்விதான் காசை மிச்சப்படுத்துகிறது.

முதலில் கணக்கு

42 கிராம் எடையில் இறங்கும் குஞ்சு ஏழு நாளில் நான்கு மடங்குக்கு மேல் ஏறுகிறது. அந்த ஏழு நாளில் அதன் சிறுகுடல் உடம்பை விட வேகமாக வளர்கிறது. குடல் சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் எவ்வளவு நீளமாக, அடர்த்தியாக அமைகின்றனவோ அவ்வளவுதான் பின்னால் தின்னும் தீனி உடம்பில் ஒட்டும். மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீனி என்பதால் குடலில் விடுகிற சின்ன ஓட்டையும் கடைசியில் பெரிய தொகையாக நிற்கிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 5,000 கோழி, சராசரி 2.1 கிலோ, எஃப்சிஆர் (ஒரு கிலோ எடை ஏறத் தின்னும் தீனி) 1.6. மொத்த எடை 10,500 கிலோ, தின்ற தீனி 16.8 டன். தீனி கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 300 ரூபாய் ஆகும் ஒரு பொருளைச் சேர்த்தால் பேட்சுக்கு 5,040 ரூபாய் கூடுதல் செலவு. அதைத் திரும்ப எடுக்க 126 கிலோ தீனி மிச்சமாக வேண்டும். அதாவது ஒரு கோழிக்கு 25 கிராம். எஃப்சிஆரில் சொன்னால் 1.600 என்பது 1.588 ஆனால் போட்ட காசு வந்துவிடும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 0.012-ஐக் கண்ணால் பார்க்க முடியாது. குஞ்சுத் தரம், வெயில், தீனி மில்லில் வந்த சோயா, இவை ஒவ்வொன்றும் ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் நடுவே இதைப் போலப் பல மடங்கு வித்தியாசத்தைக் கொண்டுவருகின்றன. “போன பேட்சில் இதைப் போட்டேன், நல்லா வந்துச்சு” என்ற பேச்சை நான் இப்போது எடுத்துக்கொள்வதில்லை. அது பொருளால் வந்ததா, மார்கழிக் குளிரால் வந்ததா என்று சொல்ல வழியே இல்லை.

பழைய வழி: ஆன்டிபயாட்டிக்

மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள், அதனால் இதை முதலில் பேசிவிடலாம். 1946-ல் அமெரிக்காவில் குஞ்சுகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தபோது வளர்ச்சி கூடியதைக் கண்டார்கள். அதன் பிறகு நோய் இருக்கிறதோ இல்லையோ, சிறு அளவு ஆன்டிபயாட்டிக்கைத் தீனியிலேயே கலப்பது உலகம் முழுக்க வழக்கமானது. குடலில் கிருமிச் சுமை குறைகிறது, குடல் சுவரின் வீக்கம் குறைகிறது, சத்து கோழிக்கே போகிறது. வேலை செய்யும், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தக் கதவு மூடிக்கொண்டே வருகிறது. சுவீடன் 1986-லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1 முதல் தடை. இந்தியாவில் 2019 ஜூலையில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்கத் தடை வந்தது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி பிடித்த மனிதருக்கு மருத்துவமனையில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதை வாளிக் கணக்கில் கோழிக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தால் மனசு பதறுகிறது. நம் கொட்டகையில் இருந்து போகும் கோழியை நம் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள்.

டென்மார்க்கில் கோழிப் பண்ணையாளர்கள் 1998 பிப்ரவரியில் தாங்களாகவே இதை விட்டார்கள். அதன் பிறகு அங்கே எடுத்த கணக்கில் எடையும் இறப்பும் பெரிதாக மாறவில்லை, எஃப்சிஆர் மட்டும் மிகச் சிறிதாகக் கூடியது. மருந்துச் செலவு மிச்சமானது அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட்டது. இதை எங்கள் பக்கத்து ஆட்களிடம் அடிக்கடி சொல்கிறேன். சுத்தமான கொட்டகையில் ஆன்டிபயாட்டிக்கால் வரும் லாபம் நாம் நினைத்த அளவு பெரியது இல்லை. அது அதிகமாக வேலை செய்கிறதென்றால் அந்தக் கொட்டகையில் மூடி மறைக்க ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். சிகிச்சைக்கு மருந்து கொடுப்பது வேறு விஷயம். அது டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்து, விற்பனைக்கு முன் விட வேண்டிய நாட்களை விட்டுச் செய்வது.

அமிலம்

எங்கள் பகுதியில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் கோழியில் இல்லை, கிணற்றில் இருக்கிறது.

போர்வெல் ஆழம் போகப் போகத் தண்ணீர் கடினமாகிறது, பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 8-ஐத் தாண்டுகிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் குளோரின் போட்டுப் பெரிய பலன் இல்லை. பிஎச் 6.5-ல் குளோரினில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8.5-ல் அது பத்தில் ஒரு பங்குதான். நாம் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவோம், வாசனை வரும், கிருமி அப்படியே இருக்கும். தண்ணீரின் பிஎச்சைக் கொஞ்சம் இறக்கினால் அதே குளோரின் வேலை செய்யத் தொடங்கும்.

இரண்டாவது வேலை கோழிக்குள்ளே. ஃபார்மிக், புரோப்பியானிக், லாக்டிக் போன்ற கரிம அமிலங்கள் பிரியாத நிலையில் கிருமியின் தோலைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே போய்ப் பிரிந்து அதன் செல்லையே புளிக்க வைக்கும். நோய்க் கிருமிகளான ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் இதைத் தாங்காது, நல்ல லாக்டோபேசில்லஸ் ஓரளவு தாங்கும். ஆனால் ஒரு வரம்பு உண்டு. தண்ணீரில் கொடுக்கும் சாதாரண அமிலம் தீனிப்பையிலும் இரைப்பையிலும்தான் வேலை செய்யும். சிறுகுடலுக்குப் போவதற்குள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். கீழ்க்குடலில் கோளாறு என்றால் இதை மட்டும் நம்ப முடியாது.

அளவு விஷயத்தில் அட்டையை அப்படியே பின்பற்றக் கூடாது. “1,000 லிட்டருக்கு 500 மில்லி” என்று போட்டிருப்பது யாரோ ஒருவர் ஊர்த் தண்ணீருக்கு. உங்கள் தண்ணீர் கடினமாக இருந்தால் அந்த 500 மில்லியை விழுங்கிவிட்டு அசையாமல் நிற்கும். 20 லிட்டர் வாளியில் உங்கள் தண்ணீரை எடுத்து, அமிலத்தை ஒவ்வொரு மில்லியாக ஊற்றி, பிஎச் தாளாலோ சின்ன மீட்டராலோ பாருங்கள். 5-க்கு இறங்க 12 மில்லி பிடித்தால் 1,000 லிட்டருக்கு 600 மில்லி. 4-க்குக் கீழே இறக்க வேண்டாம், கோழி குடிப்பதைக் குறைக்கும், நிப்பிள் முள்ளும் அரிக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அமிலத்தையும் குளோரினையும் கெட்டியாக ஒரே வாளியில் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டி ஆள் விழுந்துவிடும். இரண்டையும் தனித்தனியாக, பெரிய தொட்டித் தண்ணீரில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும். தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளுக்கு முந்தைய நாள், அன்று, மறுநாள் இரண்டையுமே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தடுப்பூசி வீண்.

அப்புறம், அழுக்குக் குழாயில் அமிலத்தை லேசாக விட்டுக்கொண்டே இருந்தால் ஈஸ்டும் பூஞ்சையும் அதில் நன்றாக வளரும். கொட்டகை காலியாக இருக்கும்போது குழாயைக் கழுவி, படலத்தை எடுத்த பிறகே அமிலம். இந்த வரிசையை மாற்றினால் காசு போவதோடு நிப்பிளும் அடைக்கும்.

புரோபயாட்டிக்

1973-ல் பின்லாந்தின் நூர்மி, ரந்தலா என்ற இருவர் செய்த வேலைதான் இதற்கு அடிப்படை. அந்த நாட்டில் கோழிகளில் சால்மொனெல்லா பரவியிருந்த நேரம். வளர்ந்த கோழியின் குடலில் இருந்து எடுத்த கலவையைப் பிறந்த குஞ்சுக்கு ஊட்டியபோது, குஞ்சு சால்மொனெல்லாவைத் தாங்கி நின்றது. தாய்க்கோழி கூடவே இருந்து வளர்க்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு இது இயல்பாகக் கிடைக்கிறது. தாய் கிளறிய மண்ணையும் எச்சத்தையும் கொத்தித்தான் அது தன் குடலை நிரப்பிக்கொள்கிறது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. அதன் குடல் காலி மனை. முதலில் யார் குடியேறுகிறார்களோ அவர்கள் வைத்ததே சட்டம்.

ஆகவே புரோபயாட்டிக்கின் மதிப்பு முதல் நாளில்தான் அதிகம். இருபதாம் நாள் எச்சம் தண்ணியான பிறகு ஊற்றுவது ஊர் நிறைந்த பிறகு வீடு தேடுவது போல.

வாங்கும்போது இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். லாக்டோபேசில்லஸ் வகைகள் குடலில் நன்றாக ஒட்டும், ஆனால் சூடு தாங்காது. தகரக் கூரை போட்ட அறையில் சித்திரை மாதம் வைத்திருந்தால் பாக்கெட்டுக்குள்ளேயே செத்துவிடும். தீனியைக் குருணையாக அழுத்தும் பெல்லட் மெஷினில் 80 டிகிரிக்கு மேல் போகும் தீனியில் அதைக் கலப்பதும் வீண். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்றவை விதை போல ஓடு கட்டிக்கொண்டு இருப்பவை. பெல்லட் சூட்டையும் இரைப்பை அமிலத்தையும் தாண்டிக் குடலில் போய் முளைக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத பண்ணைக்கு இதுதான் சரி. எங்கள் அறையில் இப்போது வேறு வகை எதுவும் இல்லை.

அட்டையில் கிருமி எண்ணிக்கையைப் படித்துக் கணக்குப் போடுவது மிக முக்கியம். தீனி ஒரு கிராமுக்கு 10 லட்சம் உயிர் சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 100 கோடி இருக்கும் பாக்கெட்டை டன்னுக்கு 1 கிலோ போட வேண்டும். கிராமுக்கு 1,000 கோடி என்றால் 100 கிராம் போதும். 100 கோடி வகை கிலோ 400 ரூபாய், 1,000 கோடி வகை கிலோ 2,000 ரூபாய் என்றால் எது மலிவு? முதலாவதற்கு டன்னுக்கு 400, இரண்டாவதற்கு 200. விலை கூடியதுதான் மலிவு. எண்ணிக்கையே போடாத பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மோர் கொடுக்கலாமே என்று பெரியவர்கள் கேட்பார்கள். முற்றத்தில் பத்துக் கோழி வளர்ப்பவர் மண் தட்டில் மோர் வைப்பதில் தப்பே இல்லை, அதிலும் லாக்டோபேசில்லஸ்தான் இருக்கிறது. நிப்பிள் குழாயில் விட்டால் கதை வேறு. பால் கொழுப்பும் புரதமும் குழாய்ச் சுவரில் படிந்து, டாக்டர் விரலில் ஒட்டி வந்த அந்தப் படலத்துக்குத் தீனியாகும்.

ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாளில் புரோபயாட்டிக் வேண்டாம். மருந்து முடிந்த மறுநாள் தொடங்கினால் அர்த்தம் உண்டு. வெறுமையான குடலை மறுபடி நிரப்ப இது நல்ல நேரம்.

ஈஸ்ட் சுவரும் பியூட்டிரேட்டும்

இந்த இரண்டையும் நான் கோழிக்கு வந்த கோளாறைப் பார்த்துத்தான் எடுப்பேன், எப்போதும் போடுவதற்கு இல்லை.

எம்ஓஎஸ் என்று விற்பது ஈஸ்டின் வெளிச்சுவர். ஈ.கோலை, சால்மொனெல்லா போன்றவை மயிர் போன்ற கொக்கிகளால் குடல் சுவரில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். ஈஸ்ட் சுவரிலும் அதே சர்க்கரை இருக்கிறது. கிருமி ஏமாந்து இதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும். உயிருள்ள பொருள் இல்லை என்பதால் சூடு, ஆன்டிபயாட்டிக், குளோரின் எதுவும் இதைக் கெடுக்காது. வழக்கமாக டன்னுக்கு அரை முதல் 1 கிலோ. ஈ.கோலை தொல்லை பேட்சுக்குப் பேட்ச் வரும் கொட்டகைக்கு இது பொருந்தும்.

பியூட்டிரேட் ஒருவகைக் கொழுப்பு அமில உப்பு, குடல் சுவரின் செல்களுக்கு நேரடி எரிபொருள். ரத்தக் கழிச்சலுக்குப் பிறகு தேய்ந்துபோன உறிஞ்சிகள் திரும்ப வளர இது உதவுகிறது. ஆனால் கொழுப்புப் பூச்சு கொடுத்த வகையையோ டிரைபியூட்டிரின் வகையையோ வாங்க வேண்டும். வெறும் சோடியம் பியூட்டிரேட் தீனிப்பையைத் தாண்டுவதற்குள்ளேயே தீர்ந்துவிடும், கெட்ட வெண்ணெய் நாற்றம் மட்டும்தான் மிஞ்சும்.

ரத்தக் கழிச்சல் என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. ஐமேரியா என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய் அது. தீனியில் இருக்கும் சாலினோமைசின் போன்ற மருந்தோ தடுப்பூசியோதான் அதைத் தடுக்கும். இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் பொருளும் அதற்கு மாற்று இல்லை. குடலைப் புண்ணாக்கி குளோஸ்ட்ரிடியம் கிருமிக்கு வழி திறந்துவிடுவதும் பெரும்பாலும் அதுதான். அந்தக் காவலை எடுத்துவிட்டு மூலிகையைப் போட்டவர்கள் கொட்டகையில் ஒரே வாரத்தில் செத்த கோழிகளைக் கூடை கூடையாக அள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள், பூண்டு, எண்ணெய்கள்

ஈரோடு பக்கத்தில் இருந்துகொண்டு மஞ்சளைப் பற்றிக் குறைவாகப் பேச மனசு வராது. ஆனாலும் கணக்கைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் தீனியில் அரை சதவீதம் வரை மஞ்சள் தூள் கலந்திருக்கிறார்கள். அரை சதவீதம் என்றால் டன்னுக்கு 5 கிலோ. கிலோ 150 ரூபாய் என்றாலும் டன்னுக்கு 750 ரூபாய். மேலே போட்ட கணக்கின்படி பார்த்தால் எஃப்சிஆரில் 0.03 இறங்கினால்தான் அது கட்டும். சிலருக்கு அந்த அளவு பலன் கிடைத்திருக்கிறது, சிலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமினின் அளவு ஒவ்வொரு மஞ்சளிலும் வேறு என்பது ஒரு காரணம். பூண்டுத் தூள் இன்னும் விலை கூட. வேப்பிலை அதிகமானால் கசப்பில் தீனி எடுப்பதே குறைந்துவிடும்.

சொந்தத் தோட்டத்தில் மஞ்சள் போட்டு, உடைந்த கிழங்கையும் விலை போகாத சிறு விரலியையும் வீட்டிலேயே அரைப்பவருக்குக் கணக்கு மாறும். அவர் தாராளமாகப் போடலாம். கடையில் பொடியாக வாங்கிப் போட வேண்டாம், நிறம் சேர்த்த பொடி கோழிக்குள் போய் நம் தட்டுக்கே திரும்பி வரும்.

ஓமம், ஆரிகனோ வகைச் செடிகளின் எண்ணெயில் தைமால், கார்வக்ரால் இருக்கின்றன. இவற்றைக் குறிப்பிட்ட அளவில் அடைத்துத் தூளாக விற்கிறார்கள். மூலிகைப் பிரிவில் அளவும் சீரும் உள்ளது இந்த வகைதான். கிருமியின் வெளித்தோலை இவை துளைக்கும் என்பது சோதனைக் கூடத்தில் தெளிவாகத் தெரிந்த விஷயம். ஆன்டிபயாட்டிக்கை முழுக்க விட்ட கொட்டகையில் பேசில்லஸோடு சேர்த்து இதை வைத்துப் பார்க்கலாம். “பதினெட்டு மூலிகைகள்” என்று மட்டும் போட்டு எதன் அளவையும் சொல்லாத பாட்டிலுக்கு நான் காசு கொடுப்பதில்லை.

என்சைம்

யாரும் இதைக் குடல் மருந்து என்று நினைப்பதில்லை, ஆனால் சொந்தமாகத் தீனி அரைப்பவருக்கு முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். நம் தீனியில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், கால் பங்குக்கு மேல் சோயாப் புண்ணாக்கு. தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது, கோழியால் அதைத் திறக்க முடியாது. அதைத் திறக்கும் ஃபைட்டேஸ் என்ற என்சைமைக் கிலோ தீனிக்கு 500 யூனிட் போட்டால் சுமார் 0.1 சதவீதம் பாஸ்பரஸ் வெளியே வரும், அந்த அளவுக்கு, பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டிசிபி தூளைக் குறைக்கலாம். பலன் வருமா என்று காத்திருக்கத் தேவையில்லை, ஃபார்முலா எழுதும்போதே மிச்சம் கையில் நிற்கிறது. கோதுமை, தவிடு சேர்க்கும்போது நாரை உடைக்கும் சைலனேஸ் என்சைம் தேவைப்படும். அவற்றின் நார்ப்பசை குடலில் உள்ளதைக் கொழகொழவென்று ஆக்கி, ஈரக் கூளத்தைக் கொண்டுவரும்.

செரிக்காமல் கீழ்க்குடலுக்குப் போகும் புரதம்தான் குளோஸ்ட்ரிடியத்தின் விருந்து. எங்கள் கோழியின் குடலில் கண்ட மக்காச்சோளத் துகள் எனக்கு இதைத்தான் சொன்னது. சரியாக வேகாத சோயாவும் அதே வேலையைச் செய்யும். ஆகவே என்சைம் வாங்கும் முன் சோயாவின் தரத்தையும், மக்காச்சோளத்தின் ஈரம் 14 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூஞ்சை நஞ்சு ஏறிய மக்காச்சோளத்துக்கு முன்னால் எந்தப் பாக்கெட்டும் நிற்காது.

யாருக்கு எது

கம்பெனி கொடுக்கும் குஞ்சையும் தீனியையும் வைத்து ஒப்பந்தத்தில் கோழி வளர்ப்பவர் கையில் தீனி முடிவு இல்லை. வரும் மூட்டையில் என்சைமும் ரத்தக் கழிச்சல் மருந்தும் ஏற்கனவே இருக்கும், அதற்கு மேல் கலப்பது ஒப்பந்தத்துக்கும் ஒத்துவராது. அவர் கையில் இருப்பது தண்ணீரும் கூளமும்தான். குழாய் சுத்தம், அமிலம், சூப்பர்வைசரைக் கேட்டுக்கொண்டு முதல் மூன்று நாள் தண்ணீரில் கரையும் புரோபயாட்டிக். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மில்லில் பெல்லட் தீனி வாங்கும் என்னைப் போன்றவர்கள் முதலில் மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும், மில்லில் கேட்கவும் வேண்டும். பேசில்லஸ் ஏற்கனவே இருந்தால் இன்னொரு முறை காசு கொடுக்க என்ன இருக்கிறது? இல்லாவிட்டால் அமிலத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

சொந்தமாக அரைப்பவர் ஃபைட்டேஸில் தொடங்கி, பேசில்லஸைச் சேர்த்து, அதன் பிறகு கொட்டகையின் வரலாற்றைப் பார்த்து ஈஸ்ட் சுவரா பியூட்டிரேட்டா என்று முடிவு செய்யலாம். இரண்டையும் சேர்த்து எப்போதும் போடும் அளவுக்கு 5,000 கோழியில் லாபம் இல்லை. பல்லடத்தில் அறிவிக்கும் பண்ணை விலை இறங்கும் வாரத்தில் முதலில் கடிப்பது இந்தச் செலவுதான். 

எந்தப் பொருளானாலும் உங்கள் கொட்டகையிலேயே சோதித்துப் பாருங்கள். நடுவில் வலை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரே நாளில் வந்த ஒரே குஞ்சை இரண்டு பக்கமும் விட்டு, இரண்டு தொட்டி வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் இறங்கும் தீனி மூட்டையைத் தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை எடை போடும்போது கைக்கு வந்த பெரிய கோழியாகப் பிடிக்காமல், ஒரு மூலையை அடைத்து உள்ளே சிக்கியது எல்லாவற்றையும் போடுங்கள். பக்கத்துக்கு 50 கோழி போட்டால் 2 கிலோ எடையில் 80 கிராமுக்குக் குறைவான வித்தியாசத்தை நம்ப வேண்டாம், அது தற்செயலாகவே வரும். மூன்று பேட்ச் தொடர்ந்து ஒரே பக்கம் முன்னால் நின்றால்தான் பொருளுக்குப் பெயர் கொடுக்கலாம். அடுத்த பேட்சில் பக்கத்தை மாற்றிப் போட மறக்காதீர்கள், மேற்கு வெயில் விழும் பக்கம் எப்போதும் பின்தங்கும்.

எங்கள் கொட்டகையில் இப்போது ஒரு பக்கம் அமிலமும் பேசில்லஸும், மறுபக்கம் அமிலம் மட்டும் ஓடுகிறது. இரண்டு பேட்ச் முடிந்து நோட்டில் ஏறிவிட்டது. மூன்றாவது குஞ்சு தை மாதம் இறங்குகிறது. அதுவரை புதுப் பாக்கெட் எதுவும் எடுத்து வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.